பால் இறங்கும் நேரம்

ரப்பர் காட்டில் மழை இரண்டு முறை பெய்யும். முதலில் மேலே இலைகளில் பெய்யும்; யாரோ தூரத்தில் முறத்தில் அரிசியைக் கொட்டுவது போன்ற சத்தம் மட்டும் கேட்கும், கீழே நிற்பவர்கள் தலையில் ஒரு சொட்டுக்கூட விழாது. இலை நனைந்து, கிளை நனைந்து, இனித் தாங்காது என்றானபிறகுதான் இரண்டாவது மழை தரைக்கு வரும். இந்த இரண்டு மழைக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களின் அன்றைய பிழைப்பு இருந்தது. மேலே சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் ‘மங்கு’களில் சேர்ந்த பாலை ஊற்றி எடுத்துவிட வேண்டும். விட்டால் மழைத் தண்ணீர் மங்கில் நிறைந்து, பால் வழிந்து, மரத்தடியில் வெள்ளையாக ஓடிப்போகும். எங்கள் தோட்டத்தில் அப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளைகளுக்குக்கூட அந்த முதல் மழையின் சத்தம் தெரியும். அப்படிக் காது பழகிய ஒரு கூட்டமே ஒருநாள் அதைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

எங்கள் தோட்டம் பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, ஈயம் எடுத்துக் கைவிட்ட குட்டைகளைத் தாண்டி இருந்தது. அப்பா அங்கே மரம் வெட்டினார். அம்மா புல் வெட்டுகிற, களை பிடுங்குகிற ‘வெளிக்காட்டு வேலை’க்குப் போனாள். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் அவர் ஒரு திசை, அவள் ஒரு திசை. அப்பா வேலை செய்யும் இடத்தை அம்மா பார்த்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

மரம் வெட்டுவதைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தொடங்கி, நிரை நிரையாக மரப்பட்டையைச் சீவி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். ஆனால் சீவினவுடன் பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. அது வெட்டு வழியாகக் கசிந்து, சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கி முடியும்வரை காத்திருந்தே தீர வேண்டும். மேல்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து கத்தினாலும் சரி, வெள்ளைக்காரத் துரையே வந்து நின்றாலும் சரி, மரம் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. அந்தக் காத்திருப்புக்கு எங்கள் தோட்டத்தில் ‘பால் எறங்குற நேரம்’ என்று பெயர். சிலர் பசியாறுவார்கள், சிலர் வெற்றிலை போடுவார்கள், சிலர் துண்டை விரித்துக் கண்ணயர்வார்கள். அப்பா தன் நிரையின் ஓரத்தில் இருந்த ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பசுமாடு இருந்தது. அதற்குத் தினமும் புல் வேண்டும். வெளிக்காட்டில் நாள் முழுக்கக் குனிந்துவிட்டு வந்து, மறுபடி அரிவாளோடு கிளம்புவது அவள்தான். அதனால் அவள் நேரத்தை மணிக்கணக்கில் அளப்பதில்லை, புல்லுக்கட்டில் அளந்தாள். பக்கத்து வீட்டில் நின்று பேசினால் அரைக்கட்டுப் புல் போச்சு. கோயில் கூட்டத்துக்குப் போனால் இரண்டு கட்டு போச்சு. அப்பா பாறையில் உட்கார்ந்து படிக்கும் நேரம் அவள் கணக்கில் நல்ல பெரிய ஒரு கட்டு.

“கையில அருவாள எடுத்துக்கிட்டுப் போனா, படிக்கிற நேரத்துல ஒரு கட்டுப் புல்லு அறுத்துறலாம். படிச்சுப் படிச்சு என்னாத்த கொண்டாந்தீங்க?” என்பாள். அப்பா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “மரம் பாட்டுக்கு வேல செய்யுது. நான் எதுக்கு நடுவுல?” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொள்வார்.

அப்பாவுக்குப் புத்தகம் கொடுத்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டிரஸ்ஸர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்ட கால்சட்டை, கண்ணாடி, எதற்கும் அசராத முகம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன அப்பா, அவர் மேசையில் கிடந்த ஒரு நாவலை எடுத்துப் புரட்டப்போய், மாத்திரையோடு அதையும் வாங்கி வந்தாராம். அதிலிருந்து வருடக்கணக்காக அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. நான் சொல்லப்போகும் மழைக்காலத்தில் அப்பா கையில் இருந்தது, அட்டை கிழிந்து, செங்கல் கனத்துக்கு இருந்த ஒரு பழைய நாவல். ஓடம் தள்ளிப் பிழைக்கிற மருதாயி என்ற பெண்ணின் கதை.

அந்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை தொடங்கின வாரத்தில்தான் விபத்து நடந்தது. பால் உறையாமல் இருக்க அமோனியாத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பா, பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோரில் ஒரு தகர டின்னின் துருப்பிடித்த மூடியைத் திறக்கப்போக, அது சட்டென்று கழன்று, உள்ளே இருந்தது முகத்தில் அடித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைக் கழுவினார்கள். டிரஸ்ஸர் ஐயா தானே வேனில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சில நாள் கழித்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியோடு அப்பா வீடு திரும்பினார்.

“கண்ணைக் கசக்கக் கூடாது, கட்டை அவிழ்க்கக் கூடாது, விளங்குதோ? வலக்கண் தப்பும் எண்டு நினைக்கிறன். மற்றக் கண்ணை இப்ப சொல்லேலாது, பார்ப்பம்,” என்றார் டிரஸ்ஸர் ஐயா. அம்மா தலையை ஆட்டினாள். அவர் போனபிறகு மாட்டுக்கொட்டகையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எங்களைப் பயமுறுத்தியது கண்கூட இல்லை, அப்பாவின் மௌனம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கூப்பிட்டால் ‘ம்’ என்பார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சுவரும் ஆட்களும் அவருக்கு அப்போது ஒன்றுதான் என்றாலும், அவர் சுவர்ப்பக்கமே திரும்பி இருந்தது எங்களுக்குத் தாங்க முடியவில்லை. கண் திரும்பி வந்தாலும் மனுஷன் திரும்பி வருவாரா என்று அம்மா வாய்விட்டே கேட்டாள்.

அப்பாவின் நிரையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம். கல்யாணத்துக்கு முன்னால் மரம் வெட்டிப் பழகின கை என்பதால், அவருக்குப் பதிலாகத் தான் வெட்டுவதாக அம்மா மண்டோர் வீராசாமியிடம் கேட்டுக்கொண்டாள். காட்டு வேலைக்கெல்லாம் மேல்பார்வை அவர்தான். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவரும் சரி என்றார். மங்கு துடைக்க, கூடமாட ஒத்தாசை செய்ய அம்மா என்னையும் கூட்டிப்போனாள்.

முதல் நாள் அம்மா மரங்களைச் சீவி முடித்ததும், நான் நினைத்தபடியே இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தாள். புல்லைத் தேடி இரண்டடி வைத்திருப்பாள். பக்கத்து நிரைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, அப்பாவின் பாறையைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். பசியாறுகிறவர்கள் தூக்குச்சட்டியோடு வந்தார்கள், வெற்றிலை போடுகிறவர்கள் பெட்டியோடு வந்தார்கள். அடுத்த நிரையில் வெட்டுகிற அஞ்சலை அக்கா, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அண்ணி, மருதாயி ஓடத்த அவுத்துட்டாளா இல்லியா? அண்ணே எங்க நிப்பாட்டுனாருன்னு ஒங்ககிட்ட சொன்னாரா?”

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த மருதாயி?” என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா கொஞ்ச நேரம் தனக்குப் படித்துவிட்டு, மீதி நேரத்தில் படித்ததை அத்தனை பேருக்கும் கதையாகச் சொல்லி வந்திருக்கிறார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காக. ஒவ்வொரு நாவலும் இந்தப் பாறையைச் சுற்றித்தான் முடிந்திருக்கிறது. துண்டை விரித்துத் தூங்குகிறவர்கள்கூடத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். தன் புருஷன் படிக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும்; அது அவரோடு முடிந்துபோகிற காரியம் என்று நினைத்திருந்தாள். அரிவாளைக் கையில் பிடித்தபடி அவள் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு அவள் புல் அறுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். “என்னாங்க, மருதாயி ஓடத்த அவுத்தாளா இல்லியா? அங்க எல்லாரும் என்னயப் போட்டு உயிர எடுக்குறாங்க,” என்றாள். அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் பயந்தேன். கண்ணைக் கட்டியபிறகு முதல் தடவையாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“அத நானே இன்னும் படிக்கல புள்ள,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது ஏற்பாடு. சாயங்காலம் நான் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிப்பேன். அப்பா கட்டிலில் இருந்து கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டும் ஒரு காதை எங்கள் பக்கம் வைத்திருப்பாள். மறுநாள் பால் இறங்குகிற நேரத்தில், முந்தின சாயங்காலம் கேட்டதை அவள் பாறையில் உட்கார்ந்து சொல்வாள்.

அம்மா அப்படிச் சொல்வாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான் படித்தது நாவலின் சுத்தமான தமிழில். அவள் சொன்னது எங்கள் லயத்து வீடுகளின் பேச்சில். புத்தகத்தில் வந்த ஆறு எந்த ஊர் ஆறோ, அவள் வாயில் அது வெள்ளம் வந்த கிந்தா ஆறாக மாறியது. மருதாயி ஓடம் தள்ளும் கழியை அம்மா தன் தோளில் வாளி சுமக்கிற ‘காண்டா’க் கம்பை எடுத்துத் தள்ளிக் காட்டினாள். ஆனால் ஒரு பேரை மாற்றிச் சொன்னதில்லை, ஒரு திருப்பத்தை விட்டதில்லை. நான் பார்த்துப் படித்ததைவிட அவள் கேட்டு வைத்திருந்தது அதிகம். இந்தக் கதையெல்லாம் தங்குகிற இடம் அவளுக்குள் இத்தனை நாளும் காலியாகவா இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அஞ்சலை அக்கா வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள், “அண்ணே சொன்னா தூக்கம் வரும், அண்ணி சொன்னா பயமா இருக்கு லா.” அதை வீட்டில் சொன்னபோது அப்பா பொய்க்கோபம் காட்டினார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

முந்தின சாயங்காலம் நான் படித்தது இது. ஊரையே அழிக்க வந்த ஒரு கூட்டம் மருதாயியின் வீட்டையும் கொளுத்திவிடுகிறது. தீ வைத்தவனை அவள் நெருப்பு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். வருடங்கள் கழித்து, ஆற்றில் வெள்ளம் புரள்கிற ஒரு நாளில், முகத்தைத் துணியால் மூடிய, வெட்டுக்காயம் பட்ட ஒருவனை யாரோ அவள் ஓடத்தில் ஏற்றிவிட்டு அக்கரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நடு ஆற்றில் காற்று அடிக்கிறது. துணி விலகுகிறது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அடுத்ததைப் படிக்குமுன் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அம்மா இதைச் சொல்லத் தொடங்கும்போது வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். காண்டாக் கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றினாள். வெள்ளம் ஓடத்தைச் சுற்றி இழுத்தது. சுற்றி இருந்தவர்களில் ஒருவர் வெற்றிலையை வாயருகே கொண்டுபோன கையை இறக்கவில்லை. எனக்குக் கதை முன்னமே தெரியும், நான்தான் படித்தேன். ஆனாலும் என் கை அஞ்சலை அக்காவின் சேலையைப் பிடித்திருந்தது. தூரத்தில் சோவென்று ஒரு சத்தம் கேட்டது. நான் அதை ஆறு என்று நினைத்தேன். பிற்பாடு கேட்டபோது எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். காற்றடித்து இலை புரண்டது; மருதாயியின் ஓடத்தில் அடித்த காற்று என்று இருந்துவிட்டோம். “துணி வெலகிருச்சு. இவ குனிஞ்சு பாக்குறா. அந்த மொகம்...” என்று அம்மா சொன்னபோது, அவள் முகத்தில் பெரிதாக ஒரு சொட்டு விழுந்தது.

இரண்டாவது மழை வந்துவிட்டிருந்தது.

யாரும் கத்தக்கூட இல்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு திசைக்கொருவராக ஓடினார்கள். ஓடி என்ன செய்வது? அம்மாவும் நானும் முதல் நிரையைத் தொடுவதற்குள் மங்குகள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. எந்த மரத்தைப் பார்த்தாலும் அடியில் வெள்ளையாகப் பால் ஓடியது. அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நனைந்த முகத்தில் எது கண்ணீர், எது மழை என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பாலை மட்டும் அவள் தொலைக்கவில்லை. தன் வாயால் அத்தனை பேருடைய அன்றைய கூலியையும் ஆற்றில் விட்டுவிட்டாள்.

மண்டோர் ஸ்டோரில் காத்திருந்தார். காலி வாளிகள் வரிசையாக வந்ததைப் பார்த்ததும் அவருடைய பெரிய குரல் மொத்தமாக வெளியே வந்தது. “ஒருத்தருக்குக்கூட மழ காதுல விழலியா? அத்தன பேரும் செவிடா? தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது? நாளைலேருந்து காட்டுல கதையும் கெடயாது, புத்தகமும் கெடயாது, சொல்லிட்டேன்!”

அம்மா தலைகுனிந்து நின்றாள். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நிமிர்ந்து கேட்டாள். “அண்ணே, கூலியப் பிடிங்க, வேணான்னு சொல்லல. அந்த நேரத்தப் பிடிக்காதீங்க. அவரு கண்ணு என்னா ஆகுமோ தெரியல. அது ஒண்ணுதான் அவர எந்திரிச்சு ஒக்கார வச்சிருக்கு.”

நேரத்தைப் புல்லுக்கட்டில் அளந்த என் அம்மாதான் இதைச் சொன்னாள். மண்டோர் திரும்பி ஸ்டோருக்குள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் புத்தகம் அலமாரி மேலே கிடந்தது. எடுக்கச் சொல்ல அம்மாவுக்கு மனமில்லை, எடுக்க எனக்குத் துணிச்சலில்லை. நடந்ததைக் கேட்ட அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய. திட்டத்தான் வருகிறார்கள் என்று அம்மா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒருநாள் கூலி போனால் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரியும் என்று எங்களுக்குத் தெரியாதா?

முதலில் நுழைந்தது அஞ்சலை அக்கா. தலை இன்னும் ஈரமாக இருந்தது. சொந்தமாக ஒரு முக்காலி கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சண்டைக்காரியைப்போல அம்மாவைப் பார்த்தாள்.

“பாலுதான் போச்சு. கதயாவது முழுசா சொல்லுங்கண்ணி. அந்த மொகத்தப் பாத்தா. அப்புறம்?”

அவளுக்குப் பின்னால் எல்லோரும் வந்தார்கள். கட்டிலிலும் தரையிலும் வாசற்படியிலும் இடம் பிடித்தார்கள். எனக்கு அப்போது என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. நான் கண்டது அன்றைய சாப்பாட்டை இழந்துவிட்டு வந்த மனிதர்களை. அவர்கள் கேட்டது அவ்வளவுதான், அப்புறம்? உலகத்தில் புத்தகத்தைவிடப் பெரிய பொருள் இருக்கும் என்று அதற்குப் பிறகு என்னால் நம்ப முடிந்ததே இல்லை.

அம்மா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். நான் படித்தேன். மருதாயி அந்த முகத்தைப் பார்க்கிறாள். கழி அவள் கையிலிருந்து நழுவுகிறது, ஓடம் சுழல்கிறது. அவள் குனிந்து, விலகின துணியை இழுத்து அவன் முகத்தை மறுபடி மூடிவிட்டு, கழியை எடுத்து ஊன்றித் தள்ளத் தொடங்குகிறாள்.

வீட்டில் ஒரு பெருமூச்சு பரவியது. “சே, தண்ணில தள்ளிட்டுப் போயிருக்கலாம் லா. யாரு கேக்கப் போறா?” என்றாள் அஞ்சலை அக்கா.

அப்போது கட்டிலில் அசைவு கேட்டது. அப்பா சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கையை நீட்டிப் புத்தகத்தைக் கேட்டார். நான் கொடுத்ததும், படித்த இடத்துக்கு அப்பால் மிச்சமிருந்த பக்கங்களைக் கட்டைவிரலால் தடவித் தடவி, எவ்வளவு கனம் என்று பார்த்தார்.

“தள்ளிவிட்டிருந்தா கத அங்கயே முடிஞ்சிருக்கும் அஞ்சல. இங்க பாரு, இன்னும் இவ்வளவு இருக்கு,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வாசலுக்கு வெளியேயிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தால், குடையைப் பிடித்துக்கொண்டு மண்டோர் நின்றிருந்தார். “நான் கத கேக்க வரல லா. யாரு யாரு வந்திருக்கீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்,” என்றார். ஆனால் அந்த அத்தியாயம் முடியும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை ‘பெரட்டு’க்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, எல்லோரும் பயந்துகொண்டே போனோம். மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு ஒரு புதுச் சட்டம் போட்டார். பால் இறங்குகிற நேரத்தில் கதை நடக்கலாம்; ஆனால் முறைவைத்து ஒரு ஆள், கதை காதில் விழாத தூரத்தில் தனியாக நின்று, மழைக்குக் காவல் இருக்க வேண்டும். மேலே சத்தம் கேட்டதும் குரல் கொடுக்க வேண்டும். உலகத்தில் வேறு எந்தத் தோட்டத்திலாவது இப்படி ஒரு வேலை இருந்ததா, எனக்குத் தெரியாது. காவல் முறை வருகிற நாளில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அன்றைக்குத் தவறவிட்ட கதையை, ஸ்டோருக்குப் பால் சுமந்து போகும் வழியில் அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

அப்பாவின் கட்டை டிரஸ்ஸர் ஐயா அவிழ்த்தபோது நாவல் முடியும் தறுவாயில் இருந்தது. வலக்கண் தப்பிவிட்டது. இடக்கண்ணில் பால் ஆடை படிந்ததுபோல ஒரு வெள்ளை. அதில் பார்வை இல்லை. அப்பா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு புத்தகத்தைக் கேட்டார். பிரித்து வைத்துக்கொண்டு முகத்தை முன்னும் பின்னும் நகர்த்தினார். “எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது பாப்பா,” என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். டிரஸ்ஸர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புத்தகத்துக்கு அவசரமில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீர் கேளும். அதுவும் வாசிப்புத்தான்,” என்றார்.

அப்பாவால் மரம் வெட்ட முடிந்தது. அம்மாவுக்கும் பக்கத்திலேயே நிரை கொடுத்து இருவரையும் ஒன்றாக வைத்தார் மண்டோர். அதன்பிறகு பாறையில் இரண்டு கதைசொல்லிகள். ‘அப்படி இல்ல, இப்படி’ என்று இருவரும் அடித்துக்கொள்வதே கூட்டத்துக்குப் பாதி வேடிக்கை. வீட்டில் படிப்பது என் வேலையாகவே நிலைத்தது. அம்மா புல்லுக்கட்டை விடவில்லை, ஆனால் அதன் உபயோகம் மாறிவிட்டது. நான் புத்தகத்தை மூடப்போனால், “இன்னும் ஒரு கட்டுப் புல்லு படி,” என்பாள்.

நான் இப்போது ஈப்போவில், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒருவர் தமிழில் சொல்வதைக் கேட்டு, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல் மலாயில் சொல்ல வேண்டும். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் பாறையையும் மழையையும் சொன்னால் விளங்காது. புத்தகத்தில் நேரத்தைப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் சின்னவர்களிடமும் என்னால் ஒரு கணக்குக் காட்ட முடிவதில்லை. ஒருநாள் கூலியை அதில் விட்டவர்கள், மறுநாளும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். எனக்கு அது போதுமாக இருக்கிறது.

தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, லயங்கள் இடிந்து, இப்போது அங்கே தாமான் என்கிற ஒரு புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. ஒரே மாதிரி வீடுகள், கடை வரிசை, கார் கழுவும் இடம். அப்பா இல்லை. அஞ்சலை அக்காவும் போய்விட்டாள். டிரஸ்ஸர் ஐயா வேலை ஓய்ந்து ஊர் மாறியபோது அவரோடு மருதாயியும் போய்விட்டாள். அந்த நாவலை அப்புறம் எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. கோயில் மட்டும் தாமானின் ஓரத்துக்கு நகர்ந்து தப்பித்திருக்கிறது. போன மாதம் அம்மாவை அங்கே கும்பிடக் கூட்டிப்போனேன். திரும்பும்போது, மின்சார அறை ஒன்றின் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னாள். அப்பாவின் நிரை அங்கேதான் இருந்தது என்றாள். எனக்கு ஒரு அடையாளமும் தெரியவில்லை. பாறையை உடைத்து எந்த ரோட்டுக்குப் போட்டார்களோ.

அம்மாவுக்காகக் காரில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பேன். “ஒரு கட்டுப் புல்லு படி,” என்றாள். விட்ட இடத்திலிருந்து படித்தேன். கதை நல்ல இடத்துக்கு வந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கே இப்போது ஒரே மழைதான். இலையில் பெய்து எச்சரிக்க மேலே எதுவும் இல்லை, குரல் கொடுக்கக் காவலுக்கு ஆளும் இல்லை. நேராகக் காரின் தலையில் விழுந்தது. என்னை அறியாமல் புத்தகத்தை மூடினேன், கை சாவிக்குப் போனது. “மழ வந்துருச்சும்மா, போலாம்,” என்றேன்.

அம்மா சாய்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

“வரட்டும். ஓடி எடுக்குறதுக்கு இப்ப இங்க என்னா இருக்கு?” என்றாள். “அப்புறம்?”